மெத்தென்று இறங்கும் பிரேக் பெடல்: காற்று எடுத்த பின்னும் சரியாகவில்லை

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் வசித்துக்கொண்டு, வேலைக்காக நாள்தோறும் காரில் புதுச்சேரி சென்று வருகிறேன். முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ள, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வருவதற்கு முந்தைய சிறிய கார் அது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது, உறவினர் வீட்டுத் தெருவில் நின்றிருந்த இந்தக் காரின் சக்கரங்கள் பாதியளவுக்கு நீரில் மூழ்கிக் கிடந்தன. எஞ்சினுக்குள் நீர் புகவில்லை என்பதால் சில மாதங்கள் இயல்பாகவே ஓட்டினேன்.

பிறகு பின்பக்க இடது வீல் சிலிண்டர் (பிரேக் ஷூக்களை டிரம்மின் மீது தள்ளும் பாகம்) கசியத் தொடங்கியது. ஒரு பணிமனையில் இரு பக்க வீல் சிலிண்டர்களையும் பிரேக் ஷூக்களையும் மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது காற்று எடுத்துக் கொடுத்தார்கள். அன்று முதல் பெடலை முதல்முறை மிதிக்கும்போது பாதிக்கும் கீழே இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. உடனே காலை எடுத்து மீண்டும் மிதித்தால் பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது. மறுபடியும் காற்று எடுத்தார்கள். குமிழி ஏதும் இல்லாமல் ஆயில் சுத்தமாக வந்ததை நானே அருகில் நின்று பார்த்தேன். எங்கும் கசிவு இல்லை, பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலின் மட்டமும் குறையவில்லை. இப்போது, பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதை மாற்றுவதற்கு முன் வேறு எதையேனும் சோதிக்க வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வில்லியனூர் பணிமனை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி, இரண்டாம் மிதியில் பெடல் கெட்டியாக நிற்கிறது என்பதுதான். பெடல் தாழ்ந்தாலே காற்று என்று முடிவு செய்து, லிட்டர் கணக்கில் ஆயிலை ஊற்றி வெளியேற்றிக்கொண்டே இருப்பது நம் ஊர்ப் பணிமனைகளில் வழக்கமாகிவிட்டது. பெடல் எப்படித் தாழ்கிறது என்பதை முதலில் காலால் படிக்க வேண்டும். ஸ்பேனரை அதன் பிறகுதான் எடுக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரில் தேங்கியுள்ள வெற்றிடம் தீரும் வரை பெடலைச் சில முறை மிதித்து விடுங்கள். எஞ்சின் ஓடும்போது பூஸ்டரின் உதவியால் எந்தப் பெடலும் சற்று மென்மையாகவே தெரியும் என்பதால், அந்த நிலையில் கெட்டித்தன்மையை மதிப்பிடக் கூடாது. இப்போது மிதிக்கும்போது பெடல் சுருள்வில்லைப் போல அமுங்கி, அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் அமுங்கிக்கொண்டே போனால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது ரப்பர் ஹோஸ் உப்புகிறது. ஓரிடத்தில் பிடித்து நின்ற பெடல், அதே அழுத்தத்தில் காலை வைத்திருக்கையில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி நழுவினால், வெளியே கசிவும் இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் ஆயிலைப் பின்னுக்கு விடுகின்றன. மூன்றாவது வகை, வெகுதூரம் வெறுமையாக இறங்கி, பிறகு சட்டென்று கல்லைப் போல நின்று, அடுத்த மிதியில் உயர்ந்துவிடுவது. அது பெரும்பாலும் பின் டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாக உள்ள இடைவெளியின் அடையாளம். உங்களுடையது எந்த வகை என்பதைச் சோதித்துச் சொல்லுங்கள்.

இதற்கு ஓர் எளிய சோதனையும் இருக்கிறது. சமதளத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில் பெடலை மிதித்து அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மீண்டும் மிதியுங்கள். அப்போது பெடல் கணிசமாக உயர்ந்து நின்றால், பின் ஷூக்களின் இடைவெளிதான் காரணம். ஹேண்ட் பிரேக் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக மூடிவிடுவதால் பெடல் உயர்கிறது. வித்தியாசம் தெரியாவிட்டால் மற்ற காரணங்களைத் தேடலாம்.

இலாசுப்பேட்டை ஆசிரியர் எழுதியது:

ஐயா சொன்ன வகைப்பாட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சிறிய கார்களின் மாஸ்டர் சிலிண்டர் ஏறத்தாழ 20 மி.மீ. உள்விட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. ஆகும். எங்கோ ஒரு வளைவில் 1 மி.லி. காற்று மட்டுமே சிக்கியிருந்து, குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்காக உயரும்போது அந்தக் காற்று பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய 0.9 மி.லி. இடத்தை நிரப்பவே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 மி.மீ. அளவுக்கு வீணாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு மடங்கு என்றால், காலுக்குக் கீழே 11 மி.மீ.க்கும் மேற்பட்ட தூரம் வீணாகிறது. ஒரு மில்லி லிட்டர் காற்றுக்கே இவ்வளவு இழப்பு. அதற்கு மேலும் அழுத்தினால் காற்று இன்னும் கொஞ்சம் சுருங்கும் என்பதால்தான் பெடல் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது.

ஷூவின் இடைவெளியால் வீணாகும் தூரம் இப்படிப்பட்டதன்று. ஷூ டிரம்மைத் தொடும் வரை அழுத்தமே உருவாகாது. தொட்ட கணத்தில் முழுத் திரவமும் அழுத்தத்தைத் தாங்கத் தொடங்குவதால் பெடல் திடீரென்று கெட்டியாகிறது. காலை எடுத்த உடனே மீண்டும் மிதித்தால், ஷூக்கள் முழுமையாகப் பின்வாங்குவதற்குள் டப்பாவிலிருந்து கூடுதல் ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள் வந்துவிடுகிறது, அதனால் இரண்டாம் மிதி உயரத்திலேயே நிற்கிறது.

அரியாங்குப்பம் ஓட்டுநர் எழுதியது:

என் கருத்தில், வெற்றிடப் பம்பு ஒன்றை வாங்கி காற்று எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளில் பொருத்தி இழுத்துவிட்டால் உதவியாளரே தேவையில்லை, காற்றும் முழுமையாக வந்துவிடும். மேலும் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே வீல் சிலிண்டரையும் ரப்பர்களையும் டீசலில் கழுவிவிட்டால் வெள்ளத்து மண்ணெல்லாம் போய்விடும். வண்டிகளுக்கு இப்படித்தான் செய்து வருகிறார்கள்.

வில்லியனூர் பணிமனை எழுதியது:

அரியாங்குப்பம் நண்பருக்கு: டீசல் விஷயத்தில் நான் உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் அமைப்பின் ரப்பர்கள் கிளைக்கால் (glycol) வகைப் பிரேக் திரவத்துக்காகவே தயாரிக்கப்பட்டவை. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் ஆகிய பெட்ரோலிய எண்ணெய்கள் பட்டால் அந்த ரப்பர்கள் உப்பி, மென்மையாகி, சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும் அல்லது கிழியும். கழுவிய அன்று எதுவும் தெரியாது. வாரங்கள் கழித்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது கசியும். டப்பாவில் தவறுதலாக எஞ்சின் ஆயில் ஊற்றப்பட்டுவிட்டால் ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. கழுவுவதற்குப் பிரேக் கிளீனர் திரவமும், ரப்பர் பாகங்களைப் பூட்டுவதற்குப் புதிய பிரேக் ஆயிலும்தான் பயன்படுத்த வேண்டும். உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரிடமும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

வெற்றிடப் பம்பு கெடுதலானதன்று. ஆனால் நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குழாயில் குமிழிகள் ஓயாமல் தெரியும். காற்று இன்னும் இருக்கிறது என்று எண்ணி ஆயிலை வீணாக்குவார்கள். பம்பை வைத்து எடுத்தாலும், கடைசியில் ஒருமுறை பெடல் மிதித்து உறுதிசெய்வது நல்லது.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து மிதித்தபோது பெடல் மிக உயரத்தில் கெட்டியாக நின்றது. விடுவித்ததும் மீண்டும் பாதிக்கும் கீழே போகிறது. பெடல் நழுவவும் இல்லை, துள்ளவும் இல்லை. பின்சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் ஷூ உரசும் ஓசை சிறிதும் கேட்கவில்லை. புதிய ஷூ போட்ட பிறகும் இவ்வளவு இடைவெளி எப்படி வரும் என்பதுதான் புரியவில்லை. தானாகவே சரிசெய்துகொள்ளும் அமைப்பு உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்களே?

வில்லியனூர் பணிமனை எழுதியது:

அட்ஜஸ்டர் எனப்படும் அந்தத் தானியங்கி அமைப்பு ஒரு மரைத் தண்டும், பல்சக்கரமும், அதைத் தள்ளும் ஒரு சிறு நெம்புகோலும் சேர்ந்ததுதான். வெள்ள நீரில் நின்ற வண்டியில், அதிலும் கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில், அந்த மரை துருவேறி இறுகிவிடுவது மிகச் சாதாரணம். ஷூவையும் வீல் சிலிண்டரையும் மாற்றுபவர் பழைய அட்ஜஸ்டரை அப்படியே எடுத்து வைத்துப் பூட்டிவிட்டால், அது இருந்த நீளத்திலேயே நின்றுவிடும். டிரம் தேய்ந்து உள்விட்டம் கூடியிருந்தால் இடைவெளி இன்னும் அதிகமாகும். டிரம்மில் பொறிக்கப்பட்டுள்ள உச்ச அளவைத் தாண்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஹேண்ட் பிரேக் தூக்கும் தூரத்தைக் குறைப்பதற்காகக் கேபிளை முறுக்கி வைத்திருக்கிறார்களா? அப்படி வைத்தால் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் ஓய்வு நிலைக்குத் திரும்பாது; அது திரும்பாவிட்டால் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. ஆகவே முதலில் கேபிளை முழுவதும் தளர்த்துங்கள். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை எடுத்து, மரையைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மரையில் மட்டும் மிகச் சிறிதளவு தடவி, கையால் எளிதாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் புதியது வாங்குங்கள், விலை அதிகம் இல்லை. இடது பக்கத்தினதும் வலது பக்கத்தினதும் மரைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் இடம் மாறிவிடக் கூடாது. ஷூவின் உராயும் பரப்பில் கிரீஸோ ஆயிலோ படாமல் கவனமாக இருங்கள்.

டிரம்மைப் பூட்டிய பின், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்கும் வரை பல்சக்கரத்தைத் திருப்பி, பிறகு உரசல் அநேகமாக மறையும் அளவுக்குச் சில பற்கள் பின்னே விடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெடலைப் பலமுறை மிதித்து ஷூக்கள் நடுவில் அமர்ந்த பின் மீண்டும் சரிபார்த்து, எல்லாம் முடிந்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளை உரிய அளவுக்கு இழுங்கள். வீட்டில் செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. திருப்பாதிரிப்புலியூரில் உள்ள வேறொரு பணிமனையில் இந்தப் பதிவைக் காட்டித் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு அட்ஜஸ்டர்களும் துருவால் இறுகியிருந்தன, கேபிளும் முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. புதிய அட்ஜஸ்டர்கள் போட்டதும் பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரை யாரும் தொடவில்லை.

நெல்லிக்குப்பம் இல்லத்தரசி எழுதியது:

வணக்கம். இந்த உரையாடலைப் படித்த பிறகு என் காரைச் சோதித்தேன். சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கையில் அது மிக மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது. அழுத்தி மிதித்தால் அவ்வளவாக இறங்குவதில்லை, மென்மையாக மிதித்தால்தான் இறங்குகிறது. ஆயில் குறையவில்லை. ஓட்டலாமா?

வில்லியனூர் பணிமனை எழுதியது:

அம்மா, அதை ஓட்ட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்தால் இப்படித்தான் தொடங்கும்: பலமாக மிதிக்கையில் ரப்பரின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மென்மையாக மிதிக்கையில் ஆயில் அதைத் தாண்டி நழுவும். வெளியே ஒரு துளியும் சிந்தாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும். வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்வதே சரி. புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் பூட்டுவதற்கு முன், பணிமேசையிலேயே ஆயில் ஊற்றிக் காற்றை நீக்கிவிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாமல் பூட்டினால் காற்று எடுப்பது பெரும் வேலையாகிவிடும்.

முத்தியால்பேட்டை வாசகர் எழுதியது:

எங்கள் குடும்பம் கொல்லிமலை சென்றபோது, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும் தறுவாயில் பெடல் திடீரென்று தளர்ந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, சக்கரங்கள் ஆறிய பிறகு பழையபடி கெட்டியாகிவிட்டது. ஊர் திரும்பிய பின் எந்தக் குறையும் தெரியவில்லை. காற்று எடுக்க வேண்டுமா, அல்லது விட்டுவிடலாமா?

இலாசுப்பேட்டை ஆசிரியர் எழுதியது:

விட்டுவிடக் கூடாது. அது பிரேக் ஆயில் கொதித்ததன் அடையாளம். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்குகிறது. பிரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 3 வகைக்குப் புதிய நிலையில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 140 பாகை. டாட் 4 வகைக்கு அவை முறையே 230, 155 பாகை. மலையிறக்கத்தில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் சூடேறி ஆயிலில் ஆவிக்குமிழிகள் உருவாகும்போது அவை காற்றைப் போலவே அமுங்குகின்றன. ஆறியதும் மீண்டும் திரவமாகிவிடுவதால் குறை மறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பெடல் கெட்டியாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்க மறுத்திருந்தால் அது டிஸ்க்கில் உராயும் பேட் அளவுக்கு மீறிச் சூடானதாகும். அதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

கடலோரத்தின் ஈரக்காற்றில் வாழும் நாம், கையேட்டில் குறித்துள்ள காலத்தைத் தாண்டாமல் ஆயிலை முழுமையாக மாற்ற வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு அது 2 ஆண்டுகள். டப்பாவில் உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றுவது போதாது, ஏனெனில் சூடாவது காலிப்பரில் உள்ள ஆயில்தான். நான்கு நிப்பிள்களிலும் புதிய ஆயிலின் தெளிந்த நிறம் வரும் வரை எடுக்க வேண்டும். மலையிறங்கும்போது இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ மட்டும் இந்த வண்டிகளில் ஊற்றவே கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 வேறு வகை.

அரியாங்குப்பம் ஓட்டுநர் எழுதியது:

டீசல் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, ஐயா. பெடல் மிதித்துக் காற்று எடுக்கும் முறையைச் சரியாக எழுத முடியுமா? என் வண்டியில் நிப்பிள்கள் துருப்பிடித்து அசையவே இல்லை. ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் இதே முறைதானா?

வில்லியனூர் பணிமனை எழுதியது:

நிப்பிளிலிருந்து தொடங்குகிறேன். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அதன் அடியில் விட்டு வையுங்கள். ஆறு முனை உள்ள சாக்கெட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்து, பிறகு தளர்த்துங்கள். பிடிவாதமாக முறுக்கினால் உடைந்து உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும். வேலை முடிந்ததும் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். நம் உப்புக்காற்றில் அந்தச் சிறு மூடிதான் நிப்பிளைக் காக்கிறது.

நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருப்பதால், குழாய் வழியில் மிகத் தொலைவானது இடது பின்சக்கரம். பொதுவாக அங்கிருந்து தொடங்குவார்கள். ஆனால் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே சுற்றில் சேரும் குறுக்குச் சுற்று அமைப்புள்ள கார்களில் வரிசை மாறலாம் என்பதால் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். நிறமற்ற குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனை புட்டியில் உள்ள புதிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்குமாறு வையுங்கள். உதவியாளர் பெடலை நிதானமாக மிதித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைச் சற்றே திறந்து, பெடல் இறங்கி முடிவதற்குள் மூடி, அதன் பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். திறந்திருக்கும்போது கால் எழுந்துவிட்டால் காற்று உள்ளே ஏறிவிடும். வேகவேகமாகப் பம்பு செய்தால் பெரிய குமிழி நுண்ணிய நுரையாகி ஆயிலில் கலந்துவிடும், பிறகு அது வெளியேற வெகுநேரம் ஆகும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் என்றும் போகாத துருப்பிடித்த அடிப்பகுதி வரை பிஸ்டன் போனால், நன்றாக இருந்த ரப்பரும் கிழிந்துவிடும்.

காலிப்பரைக் கழற்றி மாட்டிய வண்டியில் எவ்வளவு எடுத்தாலும் பெடல் துள்ளுகிறது என்றால், நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே தேங்கிய காற்று அந்த வழியாக வரவே வராது. ரப்பர் ஹோஸைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மற்றவரை மிதிக்கச் சொன்னால், அது உப்புவது கைக்குத் தெரியும்.

ஏபிஎஸ் வண்டியில் சாதாரணமாக ஆயில் மாற்றுவதற்கு இதே முறை போதும். ஆனால் டப்பா முழுவதும் வற்றியோ, ஏபிஎஸ் பாகத்தையே கழற்றியோ அதற்குள் காற்று புகுந்துவிட்டால், ஸ்கேனர் கருவியை இணைத்து அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அந்த வண்டிகளுக்குக் கருவி உள்ள பணிமனையைத் தேர்ந்தெடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி, ஐயா. வேலை முடிந்து அரை டப்பா டாட் 4 ஆயில் மிச்சம் இருக்கிறது. மூடி போட்டு வைத்தால் அடுத்த முறைக்கு ஆகுமா?

வில்லியனூர் பணிமனை எழுதியது:

ஆகாது, தம்பி. முத்திரை உடைந்த டப்பா மூடியிருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சிறிய டப்பாவாக வாங்கி, தேவைப்படும்போது புதிதாகத் திறப்பதே நல்லது. மிச்சத்தையும் புட்டியில் எடுத்த பழைய ஆயிலையும் மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், பணிமனையில் கழிவு ஆயில் சேர்க்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். எடுத்துச் செல்லும்போது பெயின்ட் மீது சிந்தினால் துடைக்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தாமதித்தால் பெயின்ட் உரிந்துவிடும்.